தளர்ந்த வரைகலை அட்டைக்குத் தகுந்த கணித்திரை

விளையாட்டுக்கென்று ஒரு கணித்திரை வாங்கப் புறப்படுவோர் கடையில் நின்று திரைகளை ஒப்பிடுகின்றனர். அதற்கு முன்பே அவர்கள் ஆராய வேண்டிய பொருள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது கணினிப் பெட்டிக்குள் இருக்கும் வரைகலை அட்டை. படத்தைக் கணக்கிட்டுப் படைப்பது அட்டை. படைத்ததை ஒளியாக்கிக் காட்டுவது திரை. அட்டை புதியதாக இருந்தால் திரைத் தேர்வில் நேரும் சிறு பிழைகளை அதன் வலிமை மறைத்துவிடும். எட்டு, பத்து ஆண்டு உழைத்த அட்டையிடம் அத்தகைய உபரி வலிமை இல்லை. ஆகவே பழைய அட்டை வைத்திருப்பவருக்குத்தான் திரைத் தேர்வில் அறிவியல் நோக்கு மிகுதியாக வேண்டும்.

இவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. 'பழைய அட்டைக்கு 60 ஹெர்ட்ஸ் திரையே போதும், 144 ஹெர்ட்ஸ் வீண் செலவு' என்பது ஒன்று. 'எப்படியும் புது அட்டை வாங்கத்தான் போகிறீர்கள், இப்போதே 4கே திரையை வாங்கி வையுங்கள்' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. திரையின் பிரிதிறன் அட்டையின்மேல் ஏற்றப்படும் சுமை. திரையின் புதுப்பிப்பு வீதம் அட்டைக்கு எந்தச் சுமையையும் தருவதில்லை. அட்டை எட்டக்கூடிய உச்சத்துக்கு ஓர் எல்லையை வகுப்பதோடு அது நின்றுவிடுகிறது. சுமையைக் குறைத்து, எல்லையை உயர்த்தி வைப்பதே தளர்ந்த அட்டைக்கு நாம் செய்யக்கூடிய நன்மை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுவே.

ஓர் அட்டையின் முதுமை

எடுத்துக்காட்டாக என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060 அட்டையைக் கொள்வோம். 2016 ஜூலையில் வெளிவந்த இவ்வட்டை, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. பாஸ்கல் கட்டமைப்பில் அமைந்த 1280 கணிப்பு அலகுகள், 6 ஜிகாபைட் நினைவகம், நொடிக்கு 192 ஜிகாபைட் நினைவகக் கடத்துதிறன், 120 வாட் மின்தேவை என்பன அதன் இலக்கணம்.

அட்டை முதுமையடைவது என்பது அதன் சில்லு தேய்வதால் நேர்வதன்று. சுற்றியுள்ள மென்பொருள் உலகம் வளர்வதால் அது பின்தங்குகிறது. 2020இல் சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது, 1080 வரிப் பிரிதிறனில் உயர்தர அமைப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட அட்டைகளுள் ஜிடிஎக்ஸ் 1060 ஒன்று. 2023இல் அதே விளையாட்டின் தேவைப்பட்டியல் திருத்தப்பட்டபோது, அதே அட்டை தாழ்ந்த அமைப்பில் நொடிக்கு 30 சட்டகம் (முழுப் படம்) தரும் குறைந்தபட்சத் தேவையாக இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் பரிந்துரையிலிருந்து கடைநிலைக்கு வந்துவிட்டது. பாஸ்கல் அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளை ஒட்டி வெளியிடப்பட்டுவந்த இயக்கி மென்பொருளும் 2025 அக்டோபரோடு முடிவுற்றது. இனிக் கிடைப்பவை பாதுகாப்புத் திருத்தங்களே. ஒளிக்கதிர்த் தடங்காணும் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய விளையாட்டுகள் இவ்வட்டையில் இயங்குவதே இல்லை. அவ்விடத்தில் எந்தத் திரையும் உதவாது.

ஆயினும் இவ்வட்டை உதவாததாகிவிடவில்லை. வேலோரன்ட், ராக்கெட் லீக் போன்ற இலகுவான விளையாட்டுகளில் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட சட்டகங்களை அது இன்றும் தருகிறது. கனமான விளையாட்டுகளில் அமைப்புகளைத் தாழ்த்தினால் 40 முதல் 60 வரை எட்டுகிறது. ஒருபுறம் நூற்றைத் தாண்டும் வேகம், மறுபுறம் ஐம்பதை ஒட்டித் தள்ளாடும் வேகம். இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் திரையே இவ்வட்டைக்கு வேண்டும்.

பிரிதிறன் என்னும் சுமை

1920க்கு 1080 என்னும் பிரிதிறனில் ஒரு சட்டகத்துக்கு 20,73,600 படப்புள்ளிகள். 2560க்கு 1440இல் 36,86,400. 4கே எனப்படும் 3840க்கு 2160இல் 82,94,400. முதலாவதைப்போல் இரண்டாவது ஏறத்தாழ 1.78 மடங்கு, மூன்றாவது சரியாக நான்கு மடங்கு.

இதன் பொருளை அட்டையின் பக்கம் நின்று பார்ப்போம். ஜிடிஎக்ஸ் 1060 ஏட்டளவில் நொடிக்கு 4.4 இலட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யவல்லது. நொடிக்கு 60 சட்டகம் வரைய வேண்டுமானால், 1080 வரித் திரையில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அட்டை செலவிடக்கூடியது உச்ச அளவாக ஏறத்தாழ 35,000 கணக்கீடு. அதே 60 சட்டகத்தை 1440 வரியில் கேட்டால் 20,000 ஆகக் குறைகிறது. 4கேயில் 9,000கூட இல்லை. நிழலும் ஒளிச்சிதறலும் நீரின் பளபளப்பும் இக்கணக்கீடுகளால்தான் உருவாகின்றன. பிரிதிறனை உயர்த்தும்போது படப்புள்ளிகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் உழைப்பு சுருங்குகிறது. வலுக்குன்றிய அட்டையோடு 4கே திரையை இணைப்பவர் கூர்மையான வெறுமையையே விலைகொடுத்து வாங்குகிறார்.

'4கே திரையில் 1080 வரியை அமைத்து விளையாடலாமே' என்று கேட்கலாம். ஒரு படப்புள்ளியை நான்காகப் பகிர்ந்து காட்டினால் கணக்கு நேராகத்தான் பொருந்தும். ஆனால் அவ்வாறு முழுவெண் மடங்காகப் பெருக்கும் வசதியை என்விடியா பாஸ்கலுக்கு அடுத்து வந்த டியூரிங் தலைமுறை முதலே வழங்குகிறது. பழைய அட்டையில் படம் இடைக்கணிப்பால் மென்மையாகிக் கலங்கும். 1440 வரித் திரையில் 1080ஐக் காட்டினால் மடங்கு 1.33 ஆகிவிடுவதால், எழுத்துகளின் விளிம்புகள் மேலும் மங்கும். திரைக்கு இயல்பான பிரிதிறனில் ஓட்ட முடிகிறதா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060க்கும், அதன் சமகாலத்து ஏஎம்டி ஆர்எக்ஸ் 580க்கும் அதற்கான விடை 1080 வரி.

நிலையான துடிப்பின் கொடுமை

60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லி நொடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அட்டையோ காட்சிக்குக் காட்சி வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்கிறது. வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றால் 12 மில்லி நொடி. வெடிப்பும் புகையும் நிறைந்த தெருவுக்குள் நுழைந்தால் 22. இவ்விரு துடிப்புகளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் தொல்லை பிறக்கிறது. திரை பாதி வரைந்திருக்கையில் அட்டை அடுத்த சட்டகத்தைத் தந்துவிட்டால், மேற்பாதி பழைய படமும் கீழ்ப்பாதி புதிய படமுமாகக் குறுக்கே ஒரு கிழிசல் தோன்றும். இதைத் தவிர்க்க வந்தது வி-சிங்க் எனப்படும் ஒத்திசைவு. திரை அடுத்த புதுப்பித்தலுக்கு ஆயத்தமாகும்வரை சட்டகத்தை அது நிறுத்திவைக்கிறது.

வலிமையான அட்டைக்கு இது நல்ல தீர்வு. தளர்ந்த அட்டைக்கு இது கடுந்தண்டனை. எவ்வாறென்று படிப்படியாகக் காண்போம். ஒரு சட்டகம் வரைய 20 மில்லி நொடி ஆகிறது என்க. அதாவது நொடிக்கு 50 சட்டகம். 16.67இல் திரை புதுப்பிக்க வரும்போது சட்டகம் முடியவில்லை. பழைய படமே மீண்டும் காட்டப்படுகிறது. 20இல் சட்டகம் முடிகிறது. திரை அடுத்து 33.33இல்தான் வரும். இடைப்பட்ட 13.33 மில்லி நொடி, அட்டை கைகட்டி நிற்கிறது. பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் காத்திருப்பதைப் போன்றது இது. விளைவு, 50 சட்டகம் தரவல்ல அட்டை 30 மட்டுமே தருகிறது. இருக்கும் சிறிதளவு வலிமையிலும் ஐந்தில் இரு பங்கு வீணாகிறது. வரைந்த சட்டகங்களைத் தேக்கிவைக்கும் தாங்ககங்கள் இரண்டோடு மூன்றாவதையும் சேர்த்தால் இவ்வீணடிப்பு குறையும். ஆனால் 60 புதுப்பித்தல்களுக்குள் 50 சட்டகங்களைப் பொருத்த வேண்டியிருப்பதால், நொடிக்குப் பத்துப் படங்கள் இருமுறை நின்று செல்லும். கண் அதைத் துள்ளலாக உணரும்.

இப்போது அதே அட்டையை, அதே வி-சிங்க்கோடு, 144 ஹெர்ட்ஸ் திரையில் இணைப்போம். இத்திரை 6.94 மில்லி நொடிக்கு ஒருமுறை வருகிறது. 20இல் முடிந்த சட்டகம் 20.83இல் திரையேறிவிடுகிறது. காத்திருப்பு 0.83 மில்லி நொடி மட்டுமே. 30 ஆகச் சரிந்த வேகம் இங்கே 48 ஆக நிற்கிறது. அட்டை மாறவில்லை, விளையாட்டு மாறவில்லை, அமைப்பும் மாறவில்லை. நொடிக்கு 144 சட்டகத்தை ஒருபோதும் எட்டாத அட்டைக்கும் 144 ஹெர்ட்ஸ் திரை பயன்படுவதன் காரணம் இதுவே. 60 ஹெர்ட்ஸ் போதும் என்னும் அறிவுரை இக்கணக்கின் முன் நிற்காது.

அட்டைக்காகக் காத்திருக்கும் திரை

சிக்கலுக்கு முழுத்தீர்வு, திரையின் துடிப்பையே அட்டையின் துடிப்புக்கு இணங்கச் செய்வது. 2013 அக்டோபரில் என்விடியா அறிவித்த ஜி-சிங்க், திரைக்குள் தனிச் சில்லுத் தொகுதியைப் பொருத்தி இதைச் செய்தது. 2014 மே மாதத்தில் திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, இதே வேலையைச் செய்யும் தகவமை ஒத்திசைவை டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் எழுந்தது. இத்தகைய திரையில் சட்டகம் 20 மில்லி நொடியில் முடிந்தால் திரை 20இல் புதுப்பிக்கிறது. 23இல் முடிந்தால் 23இல் புதுப்பிக்கிறது. கிழிசலும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

இவ்வசதி எவருக்கு மிகுதியாகப் பயன்படுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நொடிக்கு 200 சட்டகம் தரும் அட்டை வைத்திருப்பவருக்குக் கிழிசல்கூடச் சிறியதாகத்தான் தெரியும். 45க்கும் 65க்கும் இடையே ஊசலாடும் அட்டைக்காரருக்கோ அது விளையாட்டின் இயல்பையே மாற்றுகிறது. தகவமை ஒத்திசைவு உயர்விலைக் கருவிகளின் அணிகலன் என்னும் எண்ணம் தலைகீழானது. எளியவருக்கே அது முதற்றேவை.

ஆனால் ஃப்ரீசிங்க் என்னும் முத்திரையை மட்டும் கண்டு வாங்கிவிடலாகாது. எந்த வீச்சுக்குள் அது இயங்குகிறது என்பதே உயிர்நிலை. 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை இயங்கும் மலிவான திரையையும், 48 முதல் 144 வரை இயங்கும் திரையையும் ஒப்பிடுவோம். விளையாட்டு நொடிக்கு 40 சட்டகத்துக்கு இறங்குகிறது என்க. இரண்டாவது திரையில் ஒவ்வொரு சட்டகமும் இருமுறை காட்டப்பட்டு, திரை 80 ஹெர்ட்ஸில் இயங்குகிறது, ஒத்திசைவு கெடுவதில்லை. முதல் திரையில் 40இன் இருமடங்கான 80 அதன் உச்சமான 75ஐத் தாண்டிவிடுகிறது, இரட்டிக்க வழியில்லை. ஒத்திசைவு அறுந்து கிழிசலும் துள்ளலும் திரும்புகின்றன. வீச்சின் மேலெல்லை கீழெல்லையைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் இந்த இரட்டிப்பு இடைவெளியின்றிக் கைகொடுக்கும். பழைய அட்டை அடிக்கடி விழும் பள்ளமே 38க்கும் 48க்கும் இடைப்பட்டது. மலிவான 75 ஹெர்ட்ஸ் திரை கைவிடுவதும் அந்த இடத்திலேயே.

துளையும் வடமும்

பழைய அட்டைகளில் எந்தத் துளை வழியாக இணைக்கிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. என்விடியா 2019 ஜனவரியில்தான் ஃப்ரீசிங்க் வகைத் திரைகளுக்குத் தன் அட்டைகளைத் திறந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தையனவும் அதைப் பெற்றன. 10 வரிசைக்கு அது டிஸ்பிளேபோர்ட் வழியாக மட்டுமே கிட்டும். எச்டிஎம்ஐ வடத்தால் இணைத்தால் வசதி தலைகாட்டாது. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970 போன்ற 900 வரிசை அட்டைகளுக்கு அதுவும் இல்லை. தனித்தொகுதி பொருத்திய ஜி-சிங்க் திரை ஒன்றே அவற்றுக்கு வழி. ஆர்எக்ஸ் 580 வைத்திருப்போர் இவ்வகையில் நற்பேறுடையோர்: ஏற்கும் திரையாக இருந்தால் எச்டிஎம்ஐ வழியாகவும் ஃப்ரீசிங்க் கிட்டும்.

பல திரைகளில் எச்டிஎம்ஐ துளை, டிஸ்பிளேபோர்ட்டைவிடக் குறைந்த புதுப்பிப்பு வீதத்தையே ஏற்கும். பெட்டியில் 144 என்று அச்சிட்டிருந்தாலும் எந்தத் துளையில் அது கிட்டும் என்பதை விவரக்குறிப்பில் படித்தறிய வேண்டும். பாஸ்கல் அட்டைகளில் பழைய விஜிஏ வகைக் குறிகை அறவே இல்லை. ஆகவே டிவிஐ துளையில் எளிய மாற்றியைச் செருகி விஜிஏ திரையை இணைக்க முயல்வதும் பயன்தராது.

பலகத்தின் இயல்பு

திரைப்பலகங்களில் டிஎன், ஐபிஎஸ், விஏ என மூவகை பரவலாக உள்ளன. டிஎன் விரைவானது, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் திரியும். ஐபிஎஸ் நிறத்தை எக்கோணத்திலும் காக்கும். அதன் ஒளி மாறுபாடு 1000க்கு 1 என்னும் அளவில் இருப்பதால் கருமை சற்று வெளுக்கும். விஏ ஏறத்தாழ 3000க்கு 1 தருவதால் இருட்டு இருட்டாகவே தெரியும். ஆனால் இருண்ட நிறங்கள் மாறும்போது பின்னே கறைபோல் இழுபடும்.

தளர்ந்த அட்டையைப் பொறுத்தவரை இத்தேர்வில் இன்னொரு நுட்பம் உண்டு. சட்டக நேரம் சீரற்று அலையும்போது, தகவமை ஒத்திசைவில் இயங்கும் விஏ பலகங்கள் பலவற்றில் ஒளி சிமிட்டல் தோன்றுகிறது. வீச்சின் கீழெல்லையை ஒட்டி இரட்டிப்பு தொடங்கியும் நின்றும் மாறும் வேளையில் அது கூடுதலாகும். பழைய அட்டை நெடுநேரம் தங்குவது அந்த எல்லையில்தான். ஆகவே இருட்டறையில் படம் பார்ப்பதே முதல் நோக்கமாக இல்லாவிட்டால், ஐபிஎஸ் பலகமே பாதுகாப்பான தேர்வு.

'1 மில்லி நொடி' என்னும் விளம்பரத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். நொடிக்கு 960 படப்புள்ளி வேகத்தில் ஓடும் ஓர் உருவத்தைக் கண் பின்தொடர்கிறது என்க. 60 சட்டகத்தில் ஒவ்வொரு படமும் 16.67 மில்லி நொடி அசையாமல் நிற்கிறது. அதற்குள் கண்ணோ 16 படப்புள்ளி நகர்ந்துவிடுகிறது. அந்த 16 புள்ளி அகலமே நாம் உணரும் மங்கல். 120 சட்டகமானால் அது 8 ஆகக் குறையும். 50 சட்டகத்தில் 19ஐத் தாண்டும். படம் 20 மில்லி நொடி நிலைத்து நிற்கும் இடத்தில், பலகம் நிறம் மாற 1 மில்லி நொடி எடுத்தாலும் 4 எடுத்தாலும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை தருவது தேவையற்றது. மாறாக, நிறமாற்றத்தை விரைவுபடுத்தும் ஓவர்டிரைவ் அமைப்பு 144 ஹெர்ட்ஸுக்கென்றே முடுக்கப்பட்டிருந்தால், 50 அல்லது 60இல் அது அளவுமீறி, நகரும் உருவத்தின் பின்னே வெளிறிய நிழலைப் பதிக்கும். திரையை ஆய்வு செய்தோர் 60 ஹெர்ட்ஸில் எடுத்த அளவீடுகளைத் தேடிப் படிப்பது, தளர்ந்த அட்டைக்காரருக்கு 144இன் அளவீடுகளைவிடப் பயனுடையது.

அளவும் தொலைவும்

கூர்மையான பார்வை பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 60 செ.மீ. தொலைவில் அது 0.17 மி.மீ. 24 அங்குல 1080 வரித் திரையில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.28 மி.மீ.; 27 அங்குலத்தில் 0.31. இரண்டிலும் புள்ளிகளைக் கண் பிரித்தறியும் என்றாலும், பெரிய திரையில் எழுத்தின் ஓரங்கள் வெளிப்படையாகச் சொரசொரக்கும். 27 அங்குலத்தை 24இன் கூர்மையோடு காண வேண்டுமானால் 68 செ.மீ. தள்ளி அமர வேண்டும். மேசை ஆழமற்ற வீடுகளில் அது இயலாது. 1080 வரியோடு நிற்பவருக்கு 24 அங்குலமே இயல்பான அளவு.

ஒரு விதிவிலக்கு

1440 வரித் திரையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஓராண்டுக்குள் புது அட்டை உறுதி என்றாலோ, பகலெல்லாம் அதே திரையில் எழுத்துப்பணி நடக்கிறது என்றாலோ, 27 அங்குல 1440 வரித் திரைக்கு நியாயம் உண்டு. 2022இல் வந்த எஃப்எஸ்ஆர் 2 போன்ற மென்பொருள் உருப்பெருக்கம் பாஸ்கல் அட்டைகளிலும் இயங்கும். அதன் 'தரம்' அமைப்பில், 1440 வரிப் படத்துக்காக அட்டை உள்ளே வரைவது 1706க்கு 960 மட்டுமே. 1080 வரியைவிடவும் குறைவான புள்ளிகள். ஆனால் பெருக்கும் வேலைக்கும் ஒவ்வொரு சட்டகத்திலும் நேரம் செலவாகும்; முதிய அட்டையில் அச்செலவு கூடுதல். அவ்வசதி இல்லாத விளையாட்டுகளும் பல. இதை நம்பி வாங்குவோர், தாம் ஆடும் விளையாட்டுகளில் அது உள்ளதா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின்

நல்ல திரையை வாங்கியும் அதன் பயனைப் பெறாதோர் பலர். 144 ஹெர்ட்ஸ் திரையை இணைத்தபின்னும் விண்டோஸ் பெரும்பாலும் 60இலேயே நிற்கும். காட்சி அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குச் சென்று வீதத்தை நாமே மாற்ற வேண்டும். தகவமை ஒத்திசைவைத் திரையின் சொந்தப் பட்டியலில் ஒருமுறை, என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒருமுறை என ஈரிடத்திலும் இயக்க வேண்டும். கனமான விளையாட்டில் சட்டக வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இடுவதும் நலம். 45க்கும் 70க்கும் இடையே அலைவதைவிட, 50இல் சீராக ஓடும் படம் கண்ணுக்கு இதமானது. அட்டையின் வெப்பமும் விசிறி இரைச்சலும் தணியும்.

இவையனைத்தையும் தொகுத்தால் தளர்ந்த அட்டைக்குரிய திரையின் இலக்கணம் தெளிவாகிறது. 24 அங்குலம், 1080 வரி, ஐபிஎஸ் பலகம், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், 48இலிருந்து தொடங்கும் அகன்ற தகவமை வீச்சு, டிஸ்பிளேபோர்ட் துளை. விலையில் எதையேனும் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அங்குலத்தையும் வண்ண விளக்குகளையும் 1 மில்லி நொடி முத்திரையையும் விட்டுக்கொடுக்கலாம், வீச்சை விட்டுக்கொடுக்கலாகாது. சேமித்த பணத்தில் ஒன்றை மட்டும் வாங்க முடிந்த இளைஞர், அட்டையை மாற்ற வழியில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. இருக்கும் அட்டை தரும் ஐம்பது சட்டகத்தையும் சிதறாமல் கண்ணில் சேர்க்கும் திரை, இன்றே அவருக்கு நன்மை செய்கிறது. நாளை புது அட்டை வரும்போது அதே திரை 144 சட்டகத்தையும் தயங்காமல் காட்டும். வலுக்குறைந்ததற்காக ஆராய்ந்து தேர்ந்த திரை, வலுவுடையதற்கும் பொருந்தி நிற்கும்.